தொட்டாலே மயங்கி விழுவார்களா?

கேள்வி: சிஸ்டர், என் மகன் ரொறன்ரோவில் அம்புலன்ஸில் வேலை செய்கிறான். ஃபென்டனைல் தூளைத் தொட்டவுடன் ஒரு பொலிஸ்காரர் மயங்கி விழுவதை வட்ஸ்அப்பில் பார்த்தேன். எனக்கு நித்திரையே இல்லை. வேலையை விடச் சொல்லவா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: விடச் சொல்லாதீர்கள் அம்மா. ஃபென்டனைல் போதைக்காக விற்கப்பட்டாலும், கடும் வலிக்குக் கொடுக்கும் வைத்தியசாலை மருந்தும்தான். ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்த காலத்தில் அந்தக் குப்பிகளை நானே உடைத்து ஊசியில் ஏற்றியிருக்கிறேன். கையில் துளி பட்டால் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். புற்றுநோயாளருக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டி முழுதாக வேலை செய்யவே பல மணி நேரம் எடுக்கும். தற்செயலாகத் தோலில் படுவதால் ஆபத்து வருவது மிக மிக அரிது என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர் சங்கங்கள் 2017இலேயே அறிவித்துவிட்டன. நைட்ரைல் கையுறை போட வேண்டும், தூள் பறக்கும் இடத்தில் முகக்கவசம் வேண்டும், பட்ட இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். சானிடைசர் பூசக்கூடாது. உண்மையான ஆபத்து, கிடக்கும் ஊசி கையில் குத்துவதுதான்.

பயத்தில் உதவ வருபவர் தயங்கினால், ஃபென்டனைலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டு விழுந்து கிடப்பவர் செத்துப்போவார். இந்த மருந்து மூச்சை நிறுத்துகிறது; நிமிடங்கள்தான் இருக்கும். மூக்கில் அடிக்கும் நலொக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், மறுபடி மூச்சு நிற்கலாம். ஆகவே கண் விழித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

கனடாவில் 2016 முதல் 50,000க்கும் மேற்பட்டோர் ஃபென்டனைல், ஹெரோயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்களால் இறந்திருக்கிறார்கள். அரசு கணக்கெடுத்து வெளியிடுவதால்தான் இது நமக்கே தெரிகிறது. அமெரிக்காவில் 2017 முதல் ஓடிமேப் என்ற வரைபடம் இருக்கிறது: எங்கே ஒருவர் விழுந்தார், நலொக்சோன் கொடுத்தார்களா, பிழைத்தாரா என்று உதவிக்குப் போனவர்கள் உடனே பதிகிறார்கள். ஓரிடத்தில் திடீரென்று கூடினால் பக்கத்து ஊர்களுக்கும் எச்சரிக்கை போகும். யாழ்ப்பாணத்திலும் ஹெரோயினுக்கு இப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பது என் ஆசை. மானம் போகும் என்று வீட்டார் மறைத்தால் எந்தக் கணக்கும் வராது. கனடாவில் உதவிக்கு அழைப்பவர் மீது, போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக்கூடாது என்று 2017இல் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே யாராவது விழுந்து கிடந்தால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணில் அழையுங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

மகனிடம் கையுறையைப் பற்றிக் கேட்பதைவிட, இளம் பிள்ளைகளின் சாவை அடிக்கடி பார்ப்பது அவனுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் இடையில் புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.