ஹிப் ஹாப் பீட்: தனிக் கருவி வாங்குவதா, மென்பொருளிலேயே தொடர்வதா?

கேள்வி: மடிக்கணினியில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளை வைத்து, மவுஸாலேயே பீட் (பாடலுக்கான தாள இசை) அமைத்து வருகிறேன். கேட்பவர்கள் இயந்திரத்தனமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய ஹிப் ஹாப்பின் கரடுமுரடான ஒலியும் தளர்ந்த நடையும் வேண்டுமானால் பதிவு செய்த ஒலித்துண்டுகளைப் பேட் எனும் பொத்தான்களில் தட்டி வாசிக்கும் எம்பிசி போன்ற சாம்ப்ளர் கருவியை வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை, குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டியதில்லை. உங்கள் கேள்வியில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நடை விறைப்பாக இருப்பது காலக்கணக்கைச் சேர்ந்தது. ஒலியில் கரடுமுரடு இல்லாதது சாம்பிளை, அதாவது எடுத்தாளும் ஒலித்துண்டை, பதிவு செய்யும் முறையைச் சேர்ந்தது. இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் நடை. ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி60 கருவியின் பெயரைக் கேட்டதும் பலரும் அதன் ஸ்விங்கைத்தான், அதாவது இரட்டைச் சுரங்களில் இரண்டாவதைச் சற்றுத் தாமதமாக விழவைக்கும் வசதியைத்தான், நினைக்கிறார்கள். அது எளிய கணக்குதான். நிமிடத்திற்கு 90 அடி வேகத்தில் இரண்டு பதினாறாம் பாகச் சுரங்கள் (ஒவ்வொன்றும் கால் அடி நீளம்) சேர்ந்து ஏறத்தாழ 333 மில்லிவினாடி நீளும். ஸ்விங் 50 விழுக்காடு எனில் இரண்டாவது சுரம் சரிபாதியில், அதாவது 167-ஆவது மில்லிவினாடியில் விழும்; 54 எனில் 180-இல்; 58 எனில் 193-இல்; 66-ஐ ஒட்டி, மூன்று சமபாகங்களாகப் பிரியும் மும்மை நடையாகவே மாறிவிடும். விறைப்பான பீட்டுக்கும் தலையாட்ட வைக்கும் பீட்டுக்கும் இடையே பெரும்பாலும் இந்தப் பதின்மூன்று, இருபத்தேழு மில்லிவினாடிகள்தான் நிற்கின்றன. இதே தாமதத்தை எந்த மென்பொருளும் தரும். ஆனால் அளவுகோல் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும், சிலவற்றில் பூஜ்யம்தான் நேர்நடை என்பதால், எண்ணை அப்படியே பெயர்த்து எழுதாமல் காதால் அளந்து வையுங்கள்.

ஸ்விங் எல்லா ஒலிகளையும் ஒரே விதியில் நகர்த்துகிறது. அதற்கு அப்பாலும் வழியுண்டு. அமெரிக்க ஹிப் ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் பீட்டுகளில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (சிறு டிரம்), ஹை-ஹாட் (இரட்டைத் தாளத் தட்டு) ஆகியவை ஒன்றுக்கொன்று சற்று முன்னும் பின்னும் விழுவதால்தான் அந்தத் தள்ளாட்டம் பிறக்கிறது. அவர் பயன்படுத்திய எம்பிசி3000 இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த உத்தியோ உங்கள் மென்பொருளில் சுரங்களை வரைந்து அடுக்கும் பியானோ ரோலிலேயே கிடைக்கும். சுரங்களைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைத்துவிட்டு ஸ்னேரைப் பத்து மில்லிவினாடி முன்னே இழுத்து, ஹை-ஹாட்டை நேராக விட்டு, கிக்கைச் சற்றுப் பின்தங்க வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியின் அழுத்தமும் ஒரே அளவில் இருந்தால் இவ்வளவு செய்தும் பயனிருக்காது.

இங்கேதான் மவுஸ் உங்களைக் காலை வாருகிறது. அழுத்தத்தையும் தாமதத்தையும் விரல் தானாகவே தருவதை, மவுஸில் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பதினாறு பேட் கொண்ட ஒரு மிடி கன்ட்ரோலரை (தட்டுவதைக் கணினிக்குத் தெரிவிக்கும் கருவி) முதலில் வாங்குங்கள். சாம்ப்ளர் கருவியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அதோடு ஆடியோ பஃபரையும், அதாவது ஒலியை வெளியிடுமுன் கணினி சேர்த்து வைக்கும் அளவையும், கவனியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் (இங்கே ஒலித்துண்டு அல்ல, ஒலியின் நுண் அளவீடு) என்பது ஏறத்தாழ 11.6 மில்லிவினாடித் தாமதம், 128 என்பது 2.9, ஒலிக் கருவியை இயக்கும் டிரைவரும், ஒலியை வெளியே தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் தம் பங்கை இதற்கு மேல் சேர்க்கும். பஃபரை உயர்த்தி வைத்துக்கொண்டு பேடில் தட்டினால், ஒலி பிந்தி வருவதைக் கேட்டுக் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பலர் மென்பொருளின் இயல்பான குறை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஒலி. 1987-இல் வந்த இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 சாம்ப்ளர், 12 பிட் ஆழம், 26.04 கிலோஹெர்ட்ஸ் வீதம் என்ற குறைந்த பதிவுத் தரத்தில், மொத்தமே சுமார் பத்து வினாடி சாம்பிளைத்தான் தாங்கியது. இடத்தைச் சேமிக்க, 33 சுழற்சி இசைத்தட்டை 45-இல் ஓட்டி வேகமாகப் பதிவு செய்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது அந்தக் கருவி இடைமதிப்புகளைக் கணித்து மெழுகாமல் விட்டதால் உலோகக் கீறல் போன்ற மேலொலிகள் எழுந்தன. இன்று நாம் கரடுமுரடு என்று கொண்டாடுவது பெருமளவு அதுதான். மென்பொருளில் சாம்பிளை ஐந்து அரைச்சுரம் (33-லிருந்து 45-க்கு மாற்றுவதற்கு ஏறத்தாழ ஈடு) ஏற்றி, 12 பிட்டுக்கும் 26 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைத்து, அந்த மெழுகும் இடைக்கணிப்பை அணைத்துவிட்டு ஐந்து அரைச்சுரம் இறக்குங்கள். வரிசை மாறினால் விளைவும் மாறும். முற்றிலும் அதே ஒலி வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குரலும் பேஸும் சேர்ந்த பிறகு எஞ்சும் வேறுபாட்டை உணர்பவர்கள் மிகச் சிலரே.

பிறகு கருவி எதற்குத்தான் உதவும்? மேடையில் நேரடியாக வாசிக்க விரும்பினாலோ, நாள் முழுதும் திரை முன் வேலை பார்த்துவிட்டு மீண்டும் திரையைப் பார்க்க மனம் வராவிட்டாலோ அதை வாங்குவதில் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான ஒலிகளும் செருகுநிரல்களும் கண்முன் இல்லாதபோது முடிவுகள் விரைவாக எடுக்கப்படுகின்றன என்பதும் உண்மையே. ஆனால் ஒரு திட்டத்தில் எட்டுத் தடங்கள், ஒரே ஒரு சாம்பிள், இரண்டு ஒலி விளைவுகள் என்று நீங்களே வரம்பு வைத்துக்கொண்டால் அந்தப் பயன் செலவின்றியே கிடைக்கும். முன்பு ஃப்ரூட்டிலூப்ஸ் என்று அறியப்பட்ட இதே எஃப்எல் ஸ்டூடியோவில் பீட் அமைத்துத்தான் ஹிப் ஹாப் தயாரிப்பாளர் நயன்த் வொண்டர் பெயர் பெற்றார்.

அப்படியும் வாங்குவதென்றால் பழைய கருவிகளைத் தவிருங்கள். நெகிழ்வட்டு இயக்கி, தேய்ந்த பேட்கள், மங்கிய திரை என்று பழுதுபார்ப்பதிலேயே காலம் போய்விடும். 2017 முதல் வந்த, கணினியின்றித் தனித்தியங்கும் எம்பிசிகளுக்குள் ஓடுவது ஒரு சிறு கணினியே என்பதால், அவற்றில் பழைய ஒலி தானாக வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடத்தையும் தனிக் கோப்பாக எளிதில் ஏற்றுமதி செய்ய முடிகிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். இறுதி மிக்ஸிங் பெரும்பாலும் கணினியில்தான் நடக்கப்போகிறது.