சிவப்பு ரோஜா எந்த ஊர்ப் பூ? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பிப்ரவரி வந்தாலே எங்கள் வீட்டில் இந்தச் சண்டைதான். சிவப்பு ரோஜா கொடுத்துக் காதலைச் சொல்வது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் தாத்தா. நிஜமாகவே நம்மிடம் அப்படி எதுவும் இருந்ததில்லையா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: தாத்தா சொல்வதில் பாதி சரி, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார், அதில் ரோஜா கிடையாது. பெயரே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் 'ரோசா' என்றார்கள், நாம் ரோஜா ஆக்கிக்கொண்டோம். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே வழியில் வந்தவைதான். இதோ பக்கத்தில் இருக்கிற நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை போர்ச்சுக்கீசியர் கையில்தான் இருந்தது. தனித்தமிழில் முளரி என்கிறார்களே என்று கேட்பீர்கள். பழைய நூல்களில் முளரி என்றால் தாமரை, இல்லாவிட்டால் முட்செடி.

ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் என்ற அகராதியும் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. அது வெள்ளைக்காரனுக்கும் சொந்தச் சரக்கு இல்லை! மேரி வோர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலப் பெண்மணி, கணவர் தூதர் என்பதால் 1717இல் இஸ்தான்புல் போனவர், அங்கே பெண்கள் பூவையும் பழத்தையும் பட்டுத்துணியையும் அனுப்பியே சேதி சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆர்வம் ஐரோப்பாவில் தொற்றிக்கொண்டது. 1819இல் பாரிஸில் 'பூக்களின் மொழி' என்று ஒரு புத்தகமே வந்தது, அப்புறம் விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் அந்த மாதிரிப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு. சிவப்பு ரோஜா என்றால் காதல் என்பது அங்கேதான் கெட்டிப்பட்டது.

இனி மிச்சப் பாதி. குறுந்தொகையின் முதல் பாட்டைத் தாத்தாவிடம் எடுத்துக் காட்டுங்கள். நாலே அடி, திப்புத்தோளார் பாடியது. தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்து நிற்கிறான், தோழி வாங்க மறுக்கிறாள். என்ன சொல்லி மறுக்கிறாள் தெரியுமா? ரத்தத்தால் களம் சிவந்தது, அம்பு சிவந்தது, யானையின் கொம்பு சிவந்தது, அப்படிப் போரிட்ட முருகனின் மலை எங்கள் மலை, இங்கே குருதிப் பூவான காந்தள் குலை குலையாய்க் கிடக்கிறது என்கிறாள். அதாவது, இதைப் போய் எங்களுக்கே கொண்டுவந்தாயா என்று கேட்கிறாள். விரும்பின பெண்ணுக்குச் சிவப்புப் பூ கொண்டுபோய் நிற்கிற பையன் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறான், அவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிற தோழியும் இருந்திருக்கிறாள். இதைவிடப் பழைய அத்தாட்சி வேறென்ன வேண்டும்? எனக்கு இந்தப் பாட்டு எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது, நாலு அடிக்குள் அத்தனை சிவப்பு.

அந்தக் காந்தளை வேதாரண்யம் பக்கம் இன்றும் தோட்டமாகவே போடுகிறார்கள், கண்வலிக்கிழங்கு என்று, விதைக்காக. மருந்துக்குப் போகிறது. அழகாக இருக்கிறதே என்று பறித்து யாருக்கும் நீட்டிவிட வேண்டாம், கிழங்கு மட்டுமில்லை, செடி முழுக்கவே விஷம். கொடுப்பதற்கு ரோஜாதான் நல்லது.

கேள்வி: மூன்று ரோஜா கொடுத்தால் ஓர் அர்த்தம், பன்னிரண்டு கொடுத்தால் ஓர் அர்த்தம் என்கிறார்களே?
(பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். நான் மேலே சொன்ன பூமொழிப் புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஒற்றை ரோஜா போதும்.

கேள்வி: எங்கள் ஊர் தர்காவில் ரோஜா, வேளாங்கண்ணியில் மாதாவுக்கு ரோஜா, பெருமாள் கோயிலுக்குப் போனால் அங்கேயும் ரோஜா மாலை. காதலுக்கான பூ எப்படி எல்லாச் சாமிக்கும் ஆனது?
(நாகூர் வாசகர்)

பதில்: காதலுக்கும் பக்திக்கும் நடுவில் அப்படி ஒரு சுவர் இருந்ததே இல்லை என்பதுதான் என் எண்ணம். பாரசீகத்தில் குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர். குலாப் என்பது முதலில் பூவின் பெயரே இல்லை, பன்னீரின் பெயர், பிற்பாடுதான் பூவுக்கே ஆகிவந்தது. சூஃபிக் கவிஞர்களுக்கு ரோஜா இறைவனின் அழகு, அதைச் சுற்றி அழுது பாடுகிற புல்புல் பறவை மனித உயிர். கிறிஸ்தவர்களுக்குச் சிவப்பு ரோஜா, நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் ரத்தம். செபமாலையை லத்தீனில் ரோசாரியம் என்பார்கள், ரோஜாத் தோட்டம் என்று பொருள். மாதா மன்றாட்டுமாலையில் 'மறைபொருளின் ரோஜா மலரே' என்று வருவதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

கோயிலுக்கு ரோஜா பிந்தி வந்த பூ. அம்மனுக்குச் செவ்வரளியும் செம்பருத்தியும் ஏற்கெனவே இருந்தன, ரோஜா வாசனையால் இடம் பிடித்தது. கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீரையே பாருங்கள். பொருள் வெளியூர், பெயர் நம்முடையது, பனிநீர். ஒரு பூவுக்குச் சொந்தப் பெயர் வைத்து, செம்பும் செய்து வாசலில் வைத்துவிட்டால் அப்புறம் அது வெளியூர்ப் பூவா?

கேள்வி: கிரேக்கர்களும் ரோமானியர்களும் கொண்டாடிய சிவப்பு ரோஜாவும் இன்று கடையில் விற்பதும் ஒன்றேதானா?
(பள்ளி ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: இல்லை, நல்ல கேள்வி. கிரேக்கக் கதைப்படி ரோஜா முதலில் வெள்ளை. காயம்பட்டுக் கிடந்த காதலன் அடோனிஸிடம் ஓடிய காதல் தேவதை அப்ரோடைட்டின் காலில் முள் குத்தி, அந்த ரத்தத்தில்தான் பூ சிவந்ததாம். ஆனால் அன்றைய ஐரோப்பாவின் பழைய ரோஜாவை இன்று நாம் பார்த்தால் சிவப்பு என்றே சொல்லமாட்டோம், அடர்ந்த ரோஸ் என்போம். 1455 முதல் 1487 வரை இங்கிலாந்தில் நடந்த ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் குலத்துக்குச் சின்னமாகச் சொல்லப்படுகிற சிவப்பு ரோஜாவும் இந்த வகைதான்.

நல்ல ரத்தச் சிவப்பு சீனாவிலிருந்து போனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அவை கொண்டுபோனது நிறத்தை மட்டுமில்லை. ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு பருவம்தான் பூக்கும், சீன ரோஜா திரும்பத் திரும்பப் பூக்கும். இரண்டையும் கலந்து கலந்துதான் 1867இல் ஹைபிரிட் டீ என்ற புதுவகையின் முதல் ரோஜாவான 'லா பிரான்ஸ்' பிறந்தது. இன்று ஓசூரிலிருந்து காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற நீளக் காம்பு 'தாஜ்மகால்' சிவப்பு வரை எல்லாம் அந்த வழிதான்.

நம் பூச்சந்தையில் கூடையில் உதிரியாகக் கிடக்கிற எட்வர்ட் ரோஸ் இருக்கிறதே, அதுவும் சீன ரோஜாவும் பன்னீர் ரோஜாவும் கலந்த பிள்ளை. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு, அன்றைய பெயர் பூர்போன், அங்கே வேலியில் வளர்ந்த செடி. கதம்பத்துக்கு ஓரமாக அந்தப் பூவை ஒன்று செருகிக்கொண்டு பெண்பிள்ளைகள் பஸ் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அது வந்த தூரம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கேள்வி: அம்மா வைத்துவிட்டுப் போன சிவப்பு ரோஜா. ஒரு வருஷமாக வெளிறிய, சின்னச் சின்னப் பூவாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. மண் காரணமா?
(பாபநாசம் வாசகி)

பதில்: மண்ணால் இப்படி ஆகாது. கோடை வெயிலிலும் சிவப்பு வெளிறும், அது பனி விழ ஆரம்பித்ததும் திரும்பிவிடும். கொத்துக் கொத்தாய்ச் சின்னப் பூ என்கிறீர்களே, அதுதான் விஷயம். நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி, அடியில் முரட்டு ரோஜா ஒன்றின் வேர், மேலே நமக்கு வேண்டிய ரகம். அடிச்செடி துளிர்விட்டு மேலே இருப்பதை அமுக்குகிறது. தண்டின் அடியில் முடிச்சுப் போல ஒரு புடைப்பு இருக்கும், அதற்குக் கீழே கிளம்புகிற கிளைகளைக் கத்தரிக்காமல் அடியோடு பிய்த்து எடுங்கள், கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். நம் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், கொஞ்சம் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து கொடுங்கள். புடைப்புக்கு மேலே ஒரே ஒரு பச்சைக் கிளை உயிரோடு இருந்தாலும் போதும், அது அம்மா வைத்த செடிதான். தை மாதம் வரை பொறுத்துப் பாருங்கள், பூத்தால் எனக்கு எழுதுங்கள்.