யூரோப் ரயில் பாஸ், சீட் ரிசர்வேஷன்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஜெர்மனிலதான் இருக்கேன், பாஸ் எடுத்து நிறைய சுத்திருக்கேன், அதனால ரயில் பத்தி கேளுங்க. விசா ஃபார்ம், ஹோட்டல், எங்க நல்ல பிரியாணி கிடைக்கும்னுலாம் எங்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: அண்ணா, யூரெயில் பாஸ் வாங்கியாச்சு. சீட்டுக்கு தனியா காசு கட்டணுமா?

பதில்: நாட்டப் பொறுத்துதான் தம்பி. யூரெயில்னா யூரோப்புக்கு வெளிய இருந்து வர்றவங்க ஒரே பாஸ்ல பல நாட்டு ரயில்ல போறதுக்கானது. பாஸ்ங்கறது டிக்கெட், சீட் இல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ், பெல்ஜியம், நெதர்லாந்து உள்ளூர் ட்ரெயின்ல எல்லாம் நேரா ஏறி காலியா இருக்கற சீட்ல உக்காந்துக்கலாம், ஜெர்மனியோட ஃபாஸ்ட் ட்ரெயின் ஐசிஇ-ல கூட ரிசர்வேஷன் கட்டாயமில்ல, வேணும்னா போட்டுக்கலாம். ஆனா பிரான்ஸ்ல டிஜிவி, இத்தாலில ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயின்ல ஏவிஇ மாதிரி ஃபாஸ்ட் ட்ரெயின், அப்புறம் லண்டன் போற யூரோஸ்டார், நைட் ட்ரெயின், இதுல ரிசர்வேஷன் இல்லாம கால வைக்க முடியாது. பிரான்ஸ் உள்ளூர் டிஜிவிக்கு பாஸ்காரங்க 10 இல்ல 20 யூரோ கட்டணும், இத்தாலிக்கு பத்துப் பதிமூணு ஆகும், லண்டன் யூரோஸ்டார் 30ஐத் தாண்டும். நாலு பேர் குடும்பம்னா கணக்குப் போட்டுப் பாருங்க, பாஸ் விலைக்கு மேல இன்னொரு செலவு உக்காந்திருக்கும். பிரான்ஸ்ல உய்கோன்னு பிங்க் கலர்ல ஒரு சீப்பான டிஜிவி ஓடும், அதுல பாஸே செல்லாது, ஏறிடாதீங்க.

இன்னொண்ணு. மொபைல் பாஸ்னா ஏறறதுக்கு முன்னாடியே ஆப்ல அந்த ட்ரெயின ஆட் பண்ணி, அன்னிக்கு நாள ஆக்டிவேட் பண்ணி, க்யூஆர் வந்துடுச்சான்னு பாத்துக்கங்க. டிடிஆர் வந்தப்புறம் தேடினா செல்லாது. இத இன்னும் நாலு தடவ சொல்லுவேன்.

கேள்வி: எத்தன நாள் முன்னாடி புக் பண்ணணும்? எங்க பண்ணணும்?

பதில்: எல்லாத்தையும் முன்னாடியே போட்டு வச்சா பாஸ் வாங்கினதுக்கே அர்த்தமில்ல, நின்னு நிதானமா சுத்தத்தானே வாங்கினோம். ஆனா யூரோஸ்டாருக்கும், பாரிஸ்ல இருந்து சுவிஸ் போற டிஜிவி லிரியாவுக்கும் பாஸ்காரங்களுக்குன்னு தனி கோட்டா இருக்கு. அது தீந்துட்டா முழு விலை டிக்கெட் எக்கச்சக்கமா கிடந்தாலும் நமக்குக் கிடையாது. அதனால கோட்டா வண்டியும் நைட் ட்ரெயினும் தேதி உறுதியானதும் போட்டுடுங்க, மத்தது அப்புறம். யூரெயில் சைட்லயே போடலாம், ஆளுக்கு ஒரு ட்ரெயினுக்கு 2 யூரோ கூட வாங்குவாங்க. ஆஸ்திரியா ரயில்வே சைட்லயும் ஜெர்மன் ரயில்வே சைட்லயும் டிக்கெட் இல்லாம சீட் மட்டும் போட வழி இருக்கு.

கோட்டா போச்சுன்னா ஆப்ல ரிசர்வேஷன் வேண்டாத ட்ரெயின் மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, போட்டுப் பாருங்க. பாரிஸ்-பாசல் நான் அப்படித்தான் போனேன், பாரிஸ் ஈஸ்ட்ல ஏறி ட்ரோயே, பெல்ஃபோர் வழியா முல்ஹூஸ், அங்க மாறி பாசல். லேட்டுதான், ஆனா ஒரு பைசா கூடக் கட்டல.

கேள்வி: ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் உண்டா சார்?

பதில்: இல்ல. தட்காலும் இல்ல. இருந்தா இருக்கு.

கேள்வி: அண்ணை, நாங்கள் பரிசிலதான் இருக்கிறம், லாச்சப்பலுக்குப் பக்கத்தில. எங்களுக்கும் இந்தப் பாஸ் தருவினமோ?

பதில்: உங்களுக்கு யூரெயில் இல்லைங்க, இன்டர்ரெயில். யூரோப்ல வசிக்கறவங்களுக்கு அதுதான், பாஸ்போர்ட் எந்த நாடுங்கறது கணக்கில்ல. ஒரே சிக்கல், வசிக்கற நாட்டுக்குள்ள, அதாவது உங்களுக்கு பிரான்ஸ்ல, வெளிய போக ஒண்ணு திரும்பி வர ஒண்ணுன்னு ரெண்டு பயணம் மட்டும்தான். நடந்து போற தூரத்துல கார் தூ நோர் ஸ்டேஷன் இருக்கறதால யூரோஸ்டார்தான் மொதல்ல தோணும், ஆனா ரிசர்வேஷன் அதுக்கும் இதே மாதிரிதான்.

கேள்வி: பெர்னினா எக்ஸ்பிரஸ் சீட் கிடைக்கவே இல்ல, ட்ரிப்பே வேஸ்ட்டா?

பதில்: வேஸ்ட்லாம் இல்லம்மா! பெர்னினா எக்ஸ்பிரஸ்ங்கறது சுவிஸ் மலைல ஓடற டூரிஸ்ட் ட்ரெயின். அதே தண்டவாளத்துல சாதா ரீஜியோ ட்ரெயின் ஓடுது, ரிசர்வேஷன் கிடையாது, பாஸ் போதும். சுவிஸ்ல செயின்ட் மோரிட்ஸ்ல ஏறி இத்தாலில திரானோ வரைக்கும் ரெண்டரை மணி நேரம் பக்கம். 2,253 மீட்டர் உயரத்துல இருக்கற அதே ஒஸ்பிட்சியோ பெர்னினா ஸ்டேஷன், புரூசியோல வட்டமடிச்சு எறங்கற அதே கல்லு பாலம், ஒண்ணும் குறையாது.

கேள்வி: தப்பா சொல்றீங்க. பனோரமா கோச்சுல கூரை வரைக்கும் கண்ணாடி. சாதா ட்ரெயின்ல போய் என்னத்தப் பாக்கறது?

பதில்: அந்தக் கண்ணாடியத் தெறக்க முடியாது சார், எடுக்கற போட்டோ எல்லாத்துலயும் உங்க சட்டைதான் ரிஃப்ளெக்ஷன்ல வரும். ரீஜியோல சில பெட்டில ஜன்னல எறக்கிக்கலாம். நடுவுல ஆல்ப் க்ரூம் ஸ்டேஷன்ல எறங்கி பனிமலையப் பாத்துட்டு அடுத்த வண்டில ஏறலாம். எக்ஸ்பிரஸ்ல உங்க சீட்ட விட்டு எறங்கினா அவ்ளோதான்.

கேள்வி: அதெல்லாம் சரி, ஊட்டி ட்ரெயின விட அப்படி என்ன பெருசு?

பதில்: ஆரம்பிச்சுட்டீங்களா. ரெண்டுமே யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, நம்ம நீலகிரி 2005ல, இது 2008ல. நம்மது 12 அடிக்கு 1 அடி ஏறுது, அதுக்குப் பல்சக்கரம் வேணும். பெர்னினா 7 சதவீத ஏத்தத்துல பல்சக்கரமே இல்லாம வெறும் சக்கரத்தோட பிடிமானத்துலயே ஏறுது. ஊட்டியோட பழைய நீராவி எஞ்சின செஞ்சது எங்கன்னு நெனைக்கறீங்க, சுவிஸ்ல விண்டர்தூர்ல. ரெண்டும் நம்ம சொந்தக்காரங்கதான், சண்ட போடாதீங்க.

கேள்வி: நானும் கூரைக் கண்ணாடி பக்கம்தான். காசு குடுத்தா குடுத்ததுக்குத் தனி சுகம்.

பதில்: குடுங்க, நான் தடுக்கல. ஆனா சீட் கிடைக்கலன்னு பயணத்தையே கேன்சல் பண்ணாதீங்கங்கறதுதான் என் பேச்சு.

கேள்வி: நைட் ட்ரெயின் ஏறினா பாஸ்ல ரெண்டு நாள் கழியுமா?

பதில்: ஒரு நாள்தான், ஏறின நாள். விடிஞ்சு எறங்கி வேற வண்டி மாறினா அடுத்த நாளும் சேரும். படுக்கை காசு தனி.

கேள்வி: 6 வயசு, 9 வயசு ரெண்டு பசங்க, அவங்களுக்கு?

பதில்: 4ல இருந்து 11 வரைக்கும் சைல்ட் பாஸ் ஃப்ரீ, ஒரு பெரியவருக்கு ரெண்டு குழந்தை. ஃப்ரீன்னாலும் பாஸ்ல பேர் ஏத்தணும். ஆனா ரிசர்வேஷன் கட்டாயமான ட்ரெயின்ல சீட்டுக்குக் காசு உண்டு.

கேள்வி: பாஸ் இருந்தா சீட் ஆட்டோமேட்டிக்கா வந்துடும்ல?

பதில்: மேல மொதல் பதில்.

கேள்வி: ஷெங்கன் விசால யூரோஸ்டார்ல லண்டன் போய்ட்டு வந்துடலாமா?

பதில்: முடியாது. இந்தியன் பாஸ்போர்ட்னா பிரிட்டன் விசா தனியா வேணும், பாரிஸ் ஸ்டேஷன்லயே செக் பண்ணித் திருப்பி அனுப்பிடுவாங்க. விசா கேள்வி வேண்டாம்னு சொன்னேனே.

கேள்வி: அண்ணா பாஸ் வாங்கினேன், ஐசிஇ-ல ஏறிட்டேன், இப்ப ஆப்ல என்ன பண்ணணும்?

பதில்: ஏறிட்டியா?! ஆட் பண்ணு, ஆக்டிவேட் பண்ணு, க்யூஆர் காட்டு. ஏறறதுக்கு முன்னாடின்னு எத்தன தடவ சொல்றது. சீட்டுக்கு மேல சின்ன டிஸ்ப்ளேல ஊர் பேர் எழுதிருந்தா அது யாரோ புக் பண்ணது, காலியா இருந்தா உக்காரு. வண்டி கெளம்பி 15 நிமிஷத்துல ஆள் வரலன்னா அந்த ரிசர்வேஷன் செல்லாது, அதுக்கப்புறம் தாராளமா உக்காந்துக்கலாம்.

கேள்வி: கடைசியா ஒண்ணு, பெர்னினால எந்தப் பக்கம் உக்காரணும்?

பதில்: திரானோ போறப்ப வலது பக்கம்.

கேள்வி: இடதுதானே நல்லாருக்கும்?

பதில்: போற திசைல வலதுங்க. லாகோ பியாங்கோ ஏரி அந்தப் பக்கம்தான் வரும். நான் தூங்கப் போறேன்.