கணினி கேள்வி – பதில்: கணக்கில் துண்டு விழுவது எங்கே?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இணைய இணைப்பு வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சந்தாதாரரின் ஐபி முகவரிக்கும் எத்தனை பைட் போயிற்று என்பதைக் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் ஒரு பிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறு நிரல்) ஹேஷ் டேபிளில், அதாவது சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணையில், எண்ணி வைக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை என் நிரல் அந்த எண்ணைப் படித்துக்கொண்டு, பிறகு அந்தப் பதிவை நீக்குகிறது. மாதக் கடைசியில் மொத்தக் கணக்கோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகவே வருகிறது. கூடுதலாக ஒரு மாதமும் வந்ததில்லை. படிப்பதையும் நீக்குவதையும் ஒரே அழைப்பில் (கெர்னலிடம் விடுக்கும் ஒரே கோரிக்கையில்) செய்யும் வசதி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அதற்கு மாறினால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எப்போதும் குறைவாகவே வருகிறது என்று நீங்கள் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. இராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெட்டி இறங்க இறங்க ஒருவர் சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து 48 என்று நோட்டில் எழுதி, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகி, ஈரத்துணியால் சிலேட்டைத் துடைப்பதற்குள் இன்னும் 2 கோடுகள் ஏறியிருந்தால், துணி 50 கோடுகளையும் துடைத்துவிடும். நோட்டில் 48தான் நிற்கும். உங்கள் நிரலும் படிப்பது ஓர் அழைப்பு, நீக்குவது வேறோர் அழைப்பு என்று போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே வந்த பைட்டுகள் எந்த நோட்டிலும் ஏறாமலே போகின்றன. இந்தப் பிழைக்கு எண்ணைக் குறைக்கத்தான் தெரியும்.

நீங்கள் கேள்விப்பட்ட வசதி உண்மைதான். படித்து நீக்கும் ஒற்றை அழைப்பு, லினக்ஸ் 4.20 வெளியான 2018ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் அப்போது கியூ (முதலில் வைத்ததை முதலில் எடுப்பது), ஸ்டேக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பது) ஆகிய இரண்டு வகை மேப்புகளுக்கு, அதாவது பிபிஎஃப் நிரல் தரவை வைக்கும் அமைப்புகளுக்கு, மட்டும்தான். ஹேஷ் டேபிளில் தனித்தனிப் பதிவுக்கு அது கிடைத்தது 2021இல் வந்த 5.14இல். அந்த அழைப்பு, சாவி (உங்களுக்கு ஐபி முகவரி) டேபிளின் எந்த பக்கெட்டில், அதாவது எந்தப் பிரிவில், விழுகிறதோ அந்த பக்கெட்டின் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டு, பதிவைத் தேடி, மதிப்பை நகலெடுத்து, அங்கே பதிவுகள் கோத்திருக்கும் சங்கிலியிலிருந்து பதிவைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டை விடுகிறது. ஆகவே இரண்டு திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) ஒரே சாவியை ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒன்றுக்குத்தான் மதிப்பு கிடைக்கும். மற்றொன்றுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை என்ற பதில் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் வேலைக்கு அதற்கு மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெர்னலுக்குள் இருக்கும் உங்கள் பிபிஎஃப் நிரல், பதிவைத் தேடும்போது எந்தப் பூட்டையும் பிடிப்பதில்லை. பூட்டில்லாமல் படிக்க விடும் ஆர்சியு முறையின் பாதுகாப்பில், மதிப்பு இருக்கும் இடத்தின் பாயிண்டரையே (நினைவக முகவரியையே) வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே நேராகக் கூட்டுகிறது. அது பாயிண்டரை வாங்கிய பிறகு, கூட்டுவதற்கு முன்பு, வேறொரு சிபியுவில் உங்கள் அழைப்பு நகலெடுத்து நீக்கிவிட்டால், அந்தக் கூட்டல் ஏற்கெனவே கழற்றப்பட்ட பதிவின் மேல்தான் விழும். இடைவெளி மிகவும் குறுகியிருக்கிறதே தவிர மறையவில்லை.

அதைவிடச் சங்கடமானது ஒன்று உண்டு. ஹேஷ் மேப் இயல்பாகவே தன் பதிவுகளுக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். நீக்கிய பதிவின் இடம் உடனே வேறு சாவிக்குப் போகலாம். மண்டியில் சிலேட்டுகள் எண்ணி வாங்கியவை. ஒருவருடைய சிலேட்டைத் துடைத்த கையோடு அடுத்த விவசாயியின் பெயரை எழுதிவிடுகிறார்கள், ஆனால் கோடு போடுபவரோ லாரியைப் பார்த்துக்கொண்டே பழைய ஆளுக்கென்று அதில் ஒரு கோட்டை இழுக்கிறார். உங்கள் ஊர் நிலவரத்தில், ஒரு வீட்டின் பைட்டுகள் வேறொரு வீட்டின் கணக்கில் ஏறும். அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், கட்டணத்துக்கு அடிப்படையாகும் எண்ணில் நான் அதை ஏற்கமாட்டேன்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை எளிய வழி, நீக்காமல் விடுவதுதான். பதிவை அப்படியே வளரவிட்டு, போன நிமிடம் படித்த எண்ணை உங்கள் நிரலிலேயே வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் சேருங்கள். எண் நிரம்பிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நொடிக்கு 10 ஜிகாபிட் இடைவிடாமல் ஓடினாலும், 64 பிட் எண்ணில் பைட்டுகள் நிரம்ப 400 ஆண்டுகளுக்கு மேலாகும். புதிய எண் பழையதைவிடச் சிறியதாக வந்தால் சர்வர் மறுதொடக்கம் ஆகியிருக்கிறது அல்லது பதிவு புதிதாகப் பிறந்திருக்கிறது என்று கொண்டு, அந்த எண்ணை முழுதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரமாக எண் அசையாத சந்தாதாரரின் பதிவை மட்டும் அந்த ஒற்றை அழைப்பால் நீக்கி, மிச்ச வித்தியாசத்தை வரவு வையுங்கள். அந்த நேரத்தில் அந்த முகவரிக்கென்று பாயிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பது அநேகமாக நடக்காது. ஒரு முறை எழுதி, ஒரே ஒருவர் எடுத்துச் செல்ல வேண்டிய பதிவுகளுக்கு, அதாவது ஓர் இணைப்பு தொடங்கிய நேரம் போன்றவற்றுக்கு, இந்த அழைப்பு கச்சிதமாகப் பொருந்தும்.

கேள்வி: முழு டேபிளையும் ஒரே மூச்சில் படித்துக் காலி செய்யும் தொகுதி அழைப்பும் இருக்கிறதே, அது முழுமைக்கும் அட்டாமிக்தானா, அதாவது நடுவே எதுவும் புகாமல் ஒரே கணத்தில் நடப்பதுதானா?
– பொறியியல் மாணவி, தருமபுரி

பதில்: இல்லை. 2020இல் லினக்ஸ் 5.6இல் வந்த அந்த அழைப்பு, ஒவ்வொரு பக்கெட்டாகப் பூட்டி, அதைக் காலி செய்து, பூட்டை விட்ட பின்னரே அடுத்ததற்குப் போகிறது. எனவே கடைசி பக்கெட்டை எட்டும்போது முதல் பக்கெட்டில் புதிய பதிவுகள் குடியேறியிருக்கலாம். கிடைப்பது ஒரே கணத்தில் எடுத்த படம் அன்று. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கெட்டில் உள்ள பதிவுகள் அனைத்தும் நீங்கள் கொடுத்த இடத்தில் அடங்காவிட்டால், அந்த பக்கெட்டைத் தொடாமல், இடம் போதவில்லை என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். அப்போது பெரிய இடத்தோடு மீண்டும் அழைக்க வேண்டும். தனிப் பதிவுக்கான அழைப்பில் இந்தச் சலுகை கிடையாது: மதிப்பை எழுத நீங்கள் கொடுத்த முகவரி தவறாக இருந்தால், பிழை திரும்பும் நேரத்தில் பதிவு ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும்.