40 வருடம் ஓட்டிய எம்.ஜி. காரை பெயின்ட் அடித்து விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: கோட்டையூரில் இருக்கிறேன். வயது 69. வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து 1985-ல் வாங்கிய எம்.ஜி. டி.டி. என்ற பழைய பிரிட்டிஷ் இரண்டு சீட் கார், 1951 மாடல். காரைக்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் அதில்தான் போய் வருகிறேன். இப்போது முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. மகன்களுக்கு ஆர்வமில்லை. இருக்கிற நிலையில் 12 லட்சம் என்கிறார் தரகர். 6 லட்சம் செலவழித்து டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் புதிதாக்கினால் 20 லட்சத்துக்குப் போகும் என்கிறார் மெக்கானிக். எது நல்லது? வரி எவ்வளவு வரும்? பணத்தை எதில் போடலாம்?

பதில்: பெயின்ட் அடிக்க வேண்டாம் ஐயா. 20-ல் 6 போனால் 14. தரகர் சொல்வதைவிட 2 லட்சம்தான் கூடுதல். பழைய காரில் கை வைத்தால் செலவு சொன்ன தொகையில் நிற்பது அபூர்வம். 6 என்பது 8 ஆனாலே அந்த 2 லட்சமும் போச்சு. வண்டி பல மாதம் பட்டறையில் கிடக்கும். 20 லட்சம் என்று இதுவரை யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. 6 லட்சம் மட்டும் நிச்சயமாக உங்கள் கையை விட்டுப் போகும்.

தவிர, விவரம் தெரிந்தவர்கள் புதுப் பளபளப்பைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். டி.டி.யின் பாடிக்குள் இருப்பது ஆஷ் மரச் சட்டம், அதன்மேல் தகடு. புது பெயின்ட்டுக்கு அடியில் மரம் எப்படி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இந்தக் காரின் கதவுக்குக் கீல் பின்பக்கம். பாதி திறந்து, நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால், கீல் தேய்ந்திருக்கலாம் அல்லது கதவைத் தாங்கும் தூண் மரம் உளுத்திருக்கலாம். நம் ஊர் ஆசாரி எப்போதாவது அதைத் தேக்கில் மாற்றியிருந்தால், வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செலவு செய்வதென்றால் பிரேக், வயரிங், கார்புரேட்டர் என்று ஓட வைக்கும் வேலைக்கு மட்டும் செய்யுங்கள்.

அப்புறம், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட பழைய கார்களில் பலவற்றுக்கு இடையில் அம்பாசடர் எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாற்றியிருப்பார்கள். உங்களுடையதில் அதன் சொந்த 1250 சிசி எஞ்சினே இருந்தால் 12 லட்சத்துக்குத் தலையாட்டாதீர்கள். சென்னை, கோவை, பெங்களூரில் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். பழைய ரிப்பேர் பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். 40 வருடம் ஒரே கையில் ஓடிய வண்டி என்பதற்கு அவைதான் சாட்சி, விலையும் அதில்தான் ஏறும்.

50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அந்த முடிவை வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. லாபத்துக்கு வரி இல்லை. சினிமா படப்பிடிப்புக்கோ ஹோட்டல் விருந்தினர்களுக்கோ வாடகைக்கு விட்டு, வரிக் கணக்கில் காரின் தேய்மானத்தைச் செலவாகக் கழித்திருந்தால் கதை வேறு, ஆடிட்டரைப் பாருங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். முழுப் பணமும் வங்கி வழியாகவே வரட்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சிகிச்சைக்கென்று 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, மீதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். வட்டிக்கு வரி உண்டு.

கடைசியாக, பெயர் மாற்றம். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, வண்டி விபத்தில் சிக்கினால் பொறுப்பு உங்கள் தலையில்தான். 2018-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிடாதீர்கள். வாங்குபவரின் பெயரையும் தேதியையும் நிரப்பி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களே சேர்ப்பியுங்கள். வெளிமாநிலத்துக்காரர் என்றால் முதலில் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்க வேண்டும். பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.