ஜேர்மன் கற்பிக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம்

கேள்வி: ஹட்டன், கண்டி, பண்டாரவளைப் பக்கம் ஜேர்மன் படிப்பிக்கிற, ஆய்வு செய்கிற 14 பெண்கள் சங்கம் தொடங்க நினைக்கிறோம். ஓர் ஆய்விதழும் கொண்டுவர ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
- வாசகி, ஹட்டன்

பதில்: இதழைத் தள்ளிப்போடுங்கள். 1970களில் அமெரிக்காவில் உருவான, ஜேர்மன் துறைப் பெண்களின் ‘விமன் இன் ஜேர்மன்’ அமைப்பே ஆண்டு மலரை 1985இல்தான் தொடங்கியது. முதலில் யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகள். இரண்டு பக்கம் போதும்.

அதில் கூட்ட நடப்பெண்ணை, அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய ஆகக் குறைந்த ஆள் எண்ணிக்கையை, கவனியுங்கள். ‘பாதிப்பேர்’ என்று எழுதினால் ஏழு பேர் வேண்டும். மழைக்கு ஹட்டன் வரும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் கூட்டமே செல்லாது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐந்து பேர் என்று வையுங்கள். பொதுக்கூட்டத்தை மழைக்காலமான ஜூன், ஜூலையில் வைக்காதீர்கள். ரயில் பாதையில் நடுவே இருப்பதால் ஹட்டனே வசதி.

சந்தாவைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடுவதுதான் பல சங்கங்களைக் கவிழ்க்கிறது. சங்கத்தின் பெயரிலேயே கணக்கு வேண்டும். கையொப்பமிட நியமித்த மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் காசோலை செல்ல வேண்டும். கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டக் குறிப்பு, யாப்பு, அடையாள அட்டைப் பிரதிகளை வங்கி கேட்கும். பகுதிநேர ஆசிரியைக்கும் விரிவுரையாளருக்கும் ஒரே சந்தா நியாயமில்லை. வருமானப்படி இரண்டு படிகள் வையுங்கள்.

தலைவியும் செயலாளரும் ஒரே ஆண்டில் மாறக் கூடாது. மாறினால் மின்னஞ்சல் கடவுச்சொல்கூடத் தொலைந்துபோகும்!

கூட்டத்தில் ஏ1 என்ற தொடக்கநிலை ஜேர்மன் பரீட்சைப் பயிற்சியையும் இலக்கிய ஆய்வையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள், பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். கட்டுரைக்கு 20 நிமிடம், கலந்துரையாடலுக்கு 20.