எக்ஸோம் அறிக்கையில் ‘உறுதியாகாத மாறுபாடு’ – அடுத்து என்ன?
பேச்சும் வளர்ச்சியும் தாமதமான மகனின் எக்ஸோம் பரிசோதனையில் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிப்பது) ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு’, அதாவது நோய்க்குக் காரணமா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம், என்று வந்திருப்பதால், கடன் வாங்கி முழு மரபணுத்தொகுப்பையும் படிக்கலாமா என்று விழுப்புரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், சகோதரி. அந்த வரி நோயை உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முதலில் உங்களுக்கும் கணவருக்கும் அதே மாறுபாடு இருக்கிறதா என்று சேங்கர் முறையில் பாருங்கள். அது டி.என்.ஏ.வில் அந்த ஓரிடத்தை மட்டும் படிப்பதால் செலவு குறைவு. மகனிடம் மட்டும் புதிதாகத் தோன்றியிருந்தால் அதுவே காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். வளர்ச்சித் தாமதத்துக்குக் காரணமாகும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறுக்கான பரிசோதனை தனியாகச் செய்தாயிற்றா? வழக்கமான எக்ஸோம் அதைப் பிடிக்காது. இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல். மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கிவையுங்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து மறுபகுப்பாய்வில் விடை கிடைப்பதுண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் வரும் உயர்சிறப்பு மையம். பணம் கட்டுவதற்கு முன் அறிக்கையோடு அங்கே போய்வாருங்கள்.